காப்புக் கையோடு சாப்பிட்ட சாப்பாடு

என் வீட்டுக்காரருக்கு மூத்திரம் நின்றுபோனது. அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டால் சாட்சி சொல்ல முடியாது.

என் பெயர் பேச்சியம்மாள். ஏலப்பாறைக்கு மேலே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். அவர் பெயர் செல்லையா. அதே எஸ்டேட்டில் புல்வெட்டு. இரண்டு வீட்டாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் படிக்கட்டும்.

1977, சித்திரை மாதம். எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்துக் கோயிலில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. தீச்சட்டி எடுக்கிறவர் மணிக்கட்டில் மஞ்சள் நூலைப் பூசாரி கட்டுவார். அதுதான் காப்பு. கட்டிய பிறகு கறி, மீன், முட்டை தொடக் கூடாது. காலில் செருப்புக் கூடாது. எல்லை தாண்டக் கூடாது. கொடை முடிந்ததும் அம்மன் முன்னால் வைத்துப் பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். எங்கள் கோயில் பூசாரி என் கூடப்பிறந்த அண்ணன், சுடலைமுத்து. அந்த வருஷம் தீச்சட்டி என் வீட்டுக்காரருக்கு.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வேலைக்குப் போனார். பனி விலகாத காலை. தேயிலைத் தூரில் சுருண்டு கிடந்தது, சின்ன விரியன். மிதித்துவிட்டார். கணுக்காலுக்குக் கீழே கொத்திவிட்டது.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஊசி போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று நினைத்தோம். மறுநாள் கால் வீங்கியது. அதற்கு மறுநாள் முகம் வீங்கியது. மூத்திரம் வரவில்லை. வாந்தி எடுத்தார். மூச்சு இழுத்தது. உடனே மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் கம்பவுண்டர்.

எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. ஏற மாட்டேன் என்றார் இவர்.

"காப்போட எல்ல தாண்டக் கூடாது. தெரியும்லா ஒனக்கு?"

"தெரியும். ஏறுங்க."

"ஏ புள்ள, சாமி குத்தம் ஆயிரும்."

"ஆச்சுன்னா எனக்கு ஆவட்டும். ஏறுங்க."

நாலு பேர் தூக்கி வைத்தார்கள். அண்ணன் திருநீற்றை அள்ளி அவர் நெற்றியில் பூசினான். எல்லைக்கல்லைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, உன் பிள்ளையை உன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகிறேன், கூட வா என்று மட்டும் கேட்டேன்.

லயத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். எல்லை தாண்டியதால் இனிப் பிழைக்க மாட்டான் என்றார்கள் சிலர். வெறுங்காலோடு நடக்க வைத்துப் பாம்பை விட்டது யார் என்றார்கள் சிலர். இரண்டும் பிறகு என் காதுக்கு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாம்பு விஷம் இரண்டு கிட்னியையும் அடித்துவிட்டது என்றார் டாக்டர். மலையாளத்துக்காரர். வயது குறைவு. எனக்காகத் தமிழில் பேசப் பார்ப்பார். தண்ணீரை வெள்ளம் என்பார்.

"வயித்தில ஒரு குழாய் போடும். மருந்து வெள்ளம் உள்ள போகும். விஷத்த எடுத்துட்டு வெளிய வரும். டயாலிசிஸ்னு பேர். கிட்னி ரெஸ்ட் எடுக்கட்டும். சிலருக்குத் திரும்ப வரும்."

"எல்லாருக்கும் வராதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சிலருக்கு வரும்" என்றார் மறுபடி.

தொப்புளுக்குக் கீழே ஊசி போட்டு மரத்துப்போக வைத்துக் குழாய் இறக்கினார்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் உள்ளே போனது. கொஞ்ச நேரம் வயிற்றில் நின்றது. பிறகு கீழே வைத்த பாட்டிலில் வடிந்தது. ராத்திரி பகல் என்று பார்க்காமல் நடந்தது. வீக்கம் இறங்கியது. மூச்சு சீரானது. குழாயை எடுத்துவிட்டுப் பிறகு மறுபடி போட்டார்கள். இப்படியே ஓடியது. மூத்திரம் மட்டும் வரவில்லை.

உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். சாப்பாட்டில்தான் வந்தது வினை.

உப்பு கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர். பழம் கூடாது, கீரை கூடாது. காய்கறியைப் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைக்க வேண்டும். கொட்டினால் சத்தெல்லாம் போய்விடுமே என்று கேட்டேன். வார்டு சிஸ்டர் சிரித்தார்.

"போகணும் அம்மா. போறதுக்குத்தான் கொட்டச் சொல்றது. நமக்குச் சத்து, இவருக்கு விஷம்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூட இருப்பவர்கள் சமைக்க ஒரு கொட்டகை உண்டு. மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்து அங்கே சமைத்தேன். உப்பில்லாத சோறு. உப்பில்லாத முட்டைக்கோஸ். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"ஒனக்கு என்ன செய்தேன்னு இப்பிடிச் சமைக்க?"

எங்கள் மலையில் கொழுந்துக் காட்டுக்கு வருகிற தேயிலைத் தண்ணீரில் சர்க்கரை போட மாட்டார்கள். உப்புப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து குடித்துப் பழகிய நாக்கு. உப்புத் தேயிலை, உப்புத் தேயிலை என்று தூக்கத்திலும் கேட்டார். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். துணியைக் கடித்து உறிஞ்சப் பார்ப்பார். பிடுங்கிவிடுவேன். வைவார். வைது முடிக்கும் வரை நிற்பேன்.

ஒருநாள் அண்ணன் வந்தான். நான் துணி துவைக்கப் போயிருந்தேன். அம்மனுக்கு அபிஷேகம் செய்த இளநீரைத் தூக்குச்சட்டியில் கொண்டு வந்திருந்தான். பஞ்சாமிர்தமும் இருந்தது. பாம்புச் சூட்டுக்கு இளநீர் குளிர்ச்சி என்று நம்பியிருந்தான். சாமிக்குச் செய்த பொருள் வேறு. யார் வேண்டாம் என்பார்கள்? தாகத்தில் கிடந்தவர் சட்டியோடு வாங்கிக் குடித்துவிட்டார். பஞ்சாமிர்தத்தையும் வழித்துத் தின்றுவிட்டார்.

சாயங்காலம் கைகால் துவண்டது. நெஞ்சு தப்பும் தவறுமாக அடித்தது. டாக்டர் ஓடி வந்தார். ஊசி போட்டார்கள். அவசரமாகக் குழாயைப் போட்டார்கள். இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள்.

டாக்டர் அண்ணனைக் கூப்பிட்டார். "கரிக்கின் வெள்ளம் யார் குடுத்தது?" அவர் ஊரில் இளநீருக்கு அதுதான் பெயர்.

"நாந்தாங்கய்யா. அம்மன் பிரசாதம்."

"அதில உப்பு மாதிரி ஒரு சாதனம், ஒரு பொருள், இருக்கு. வாழப்பழத்திலயும் இருக்கு. கிட்னி இல்லாத ஆளுக்கு அது நேரே ஹார்ட்டப் பிடிக்கும். மனசிலாயோ?"

அண்ணனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அன்று சாப்பிடாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். நான் போய் அருகில் உட்கார்ந்தேன்.

"தாயி குடுத்தது எப்பிடி பேச்சி வெசமாவும்?" என்றான்.

"தாயி குடுக்கல. நீதான் குடுத்த. அவ கல்லுமேல ஊத்துனத எடுத்துட்டு வந்த."

என்ன நினைத்துச் சொன்னேனோ தெரியவில்லை. வாயில் வந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலருகே நிறுத்தினார். இவர் கையைத் தூக்கிக் காட்டினார். வந்த புதிதில் கை வீங்கி, காப்பு நூல் சதைக்குள் புதைந்து கிடந்தது. அறுத்துவிடலாமா என்று சிஸ்டர் கேட்டார். இவர் கையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டார். சிஸ்டர் விட்டுவிட்டார். இப்போது டாக்டர் கையைத் தூக்கியதும் நூல் மணிக்கட்டிலிருந்து சரசரவென்று வழுக்கி முழங்கை வரைக்கும் போனது. நடுவில் தடுக்கச் சதை இல்லை.

"இதைப் பார் அம்மா. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வெளிய வரும்போது உடம்பில உள்ள சத்தும் சேர்ந்து வருது. வெறும் சோறு தின்னா போதாது. முட்டையோட வெள்ளை தினமும் வேணும். கொஞ்சம் மீன் வேணும். இல்லெங்கில் கிட்னி எழும்புறதுக்கு முன்ன ஆள் போயிடும்."

நான் முட்டையை அவித்து, மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் கொண்டு போனேன். இவர் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டார்.

"காப்பு கெடக்கு கையில."

"டாக்டர் சொல்லுதாரு."

"டாக்டரா காப்புக் கட்டுனாரு?"

"செத்துப்போவீக."

"சுத்தமாச் சாவேன்."

அடுத்த கட்டிலில் ஒரு லாரி டிரைவர், மலையாளத்துக்காரர், காலில் கட்டோடு படுத்திருந்தார். "சேச்சி, அந்த முட்ட இங்கோட்டு தா. இவிடே சாமியும் இல்ல, காப்பும் இல்ல" என்று கையை நீட்டினார். வார்டே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. முட்டையை டிரைவருக்கே கொடுத்தேன்.

இப்படிப் பல நாள் போனது. அவித்தேன், கொண்டு போனேன், டிரைவர் தின்றார். டிரைவருக்குக் கன்னம் வைத்தது. இவருக்கு நெஞ்செலும்பு தெரிந்தது.

அண்ணன் மறுபடி வந்தபோது சொன்னேன். "நீ பூசாரி. வந்து அவுத்து விடு. கொடைதான் முடிஞ்சு போச்சே."

"எல்லைக்கு வெளிய வச்சு அவுக்கக் கூடாது பேச்சி. ஒருத்தரும் அவுத்ததில்ல. நான் அவுத்தா இவன் ஒத்துக்கிடவும் மாட்டான்."

"அப்ப அவகிட்டயே கேப்போம்" என்றேன்.

சிஸ்டரிடம் இவரை ஒப்படைத்துவிட்டு அண்ணனோடு மலையேறினேன். பீர்மேடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அம்மன் சரி என்று சொல்ல வேண்டும். அண்ணன் வந்து அவிழ்க்க வேண்டும். இவர் சாப்பிட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் பூப்போட்டுப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாதபடி வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவான். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். அந்நேரம் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை, எல்லோரும் வேலைக் காட்டில். நீயே எடு என்றான் அண்ணன்.

"தாயே, காப்ப ஆஸ்பத்திரியில வச்சு அவுக்கலாமா?" என்று கேட்டு எடுத்தேன்.

சிவப்பு.

அண்ணன் கைகூப்பினான். "சொல்லிட்டா. வா, போவோம்" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வராது. அம்மா செத்தபோதும் வரவில்லை. அன்று வந்தது. அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கையைப் பார்த்தேன். அவள் கையிலும் காப்பு இருந்தது. கொடைக்குக் கட்டியது. அதை அவிழ்க்கிற வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. அடுத்த கொடைக்குப் புதிது கட்டும்போதுதான் பழையதை எடுப்பார்கள். அந்தக் கையோடுதான் கொடை முடிந்த மறுநாள் அவளுக்குப் படையல் போடுகிறோம். சேவல் அறுத்து, முட்டை அவித்து, கறிச்சோறு வைத்து. வருஷா வருஷம் நானே இலை போட்டிருக்கிறேன்.

"அண்ணே, இன்னொண்ணு கேக்கணும். போடு."

"கேட்டதயே திருப்பிக் கேக்கக் கூடாது."

"அதே இல்ல. இது வேற."

அவன் முணுமுணுத்துக்கொண்டே புது இலையில் மடித்துப் போட்டான். நான் கேட்டேன்.

"தாயே, காப்பு கையிலயே கெடக்கட்டும். நான் அவுக்கச் சொல்லல. காப்புக் கையோட அவுக முட்ட திங்கலாமா?"

எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை நந்தியாவட்டை.

அண்ணன் சத்தமாகக் குலவை போட்டான். ஆம்பிளை குலவை போட்டு அன்றுதான் கேட்டேன். பிறகு வெட்கப்பட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தான். யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு.

இரண்டு பேருமாக இறங்கினோம். அந்தப் பூவை இலையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தான் அண்ணன். வார்டுக்குள் நுழைந்ததும் சிஸ்டர் முதலில் அவன் கையைத்தான் பார்த்தார். "இளநீர் உண்டோ?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பூ மட்டுந்தான். திங்க மாட்டான், பயப்படாதீக."

இவர் மெல்லிய குரலில் கேட்டார். "அவுக்க வந்தீரா மச்சான்?"

"இல்ல மாப்ள. அவுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அதான் சொன்னேன்."

"இரும். முழுசாக் கேளும். காப்பு கெடக்கட்டும்னு உத்தரவு. முட்ட திங்கட்டும்னும் உத்தரவு. ரெண்டும் அவ வாக்கு. ஒண்ண ஏத்துக்கிட்டு ஒண்ணத் தள்ள நீரு யாரு?"

பூவைக் காப்புக் கையில் வைத்தான். இவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அவிச்சியா?" என்றார்.

ஓடினேன். கொட்டகையில் ஸ்டவ் பற்ற வைத்தேன். அவித்து, உரித்து, மஞ்சளை எடுத்துவிட்டுக் கொண்டு வந்தேன். காப்புக் கையால் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். வாயில் போட்டார். மென்றார்.

"எப்பிடி இருக்கு?" என்றான் அண்ணன்.

"சோப்புக்கட்டி மாதிரி இருக்கு."

டிரைவர் தன் கட்டிலில் இருந்து கத்தினார். "ஐயோ, என்றெ முட்ட போச்சே!"

அன்று முதல் மறுக்கவில்லை. முட்டை வெள்ளை தின்றார். டாக்டர் சொன்ன அளவுக்கு மீன் தின்றார். தண்ணீர் கொட்டி வேகவைத்த காயைத் தின்றார். உப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம் ஒரு துளி பிழிந்துகொள்ளலாம் என்றார் சிஸ்டர். அந்த ஒரு துளிக்குப் பூரித்துப் போவார். டயாலிசிஸ் நடந்துகொண்டே இருந்தது. ஆனால் உடம்பு தேயவில்லை. முழங்கைக்குப் போன நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. டாக்டர் வரும்போதெல்லாம் கையைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

ஒரு காலை நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வார்டிலிருந்து கூச்சல். டிரைவர் குரல். என்னவோ ஆகிவிட்டது என்று ஓடினேன். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் மூத்திரப் பாட்டிலைப் பிடித்திருந்தார். அடியில் கொஞ்சம், மஞ்சளாக. பாட்டிலைத் தீச்சட்டி மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"ஏ புள்ள! வந்துட்டு!"

வார்டில் எல்லோரும் கைதட்டினார்கள். சிஸ்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். அவர் சாமிக்கு அவர் நன்றி. என் சாமிக்கு நான் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

அடுத்தடுத்த நாளில் பாட்டில் நிறைந்தது. பிறகு பாட்டில் போதவில்லை. வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். அப்போது டாக்டர் வந்து சொன்னதைக் கேட்டு எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"இப்ப வெள்ளமும் உப்பும் அதிகமா வெளிய போகுது. திரும்பக் குடுக்கணும். கொஞ்ச நாளைக்கு. உப்புப் போட்டு ஏதாவது குடிக்கக் குடு அம்மா."

"தேயிலைத் தண்ணியில உப்புப் போட்டுக் குடுக்கலாமாய்யா?"

அவர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. முகத்தைச் சுளித்தார். "குடிப்பாரா?"

குடித்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்தார். அத்தனை வலியிலும் அழாத மனுஷன் அன்று அழுதார்.

ஆடி மாதம், கொட்டும் மழையில் எஸ்டேட் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் போகவில்லை. ஜீப்பை நேரே கோயிலுக்கு விடச் சொன்னார். லயமே நனைந்துகொண்டு நின்றது. அண்ணன் அம்மன் முன்னால் அவர் கையைப் பிடித்தான். காப்பை அவிழ்க்கப் பார்த்தான். முடியவில்லை. நூல் கறுத்து இறுகியிருந்தது. மணிக்கட்டில் சதை பிடித்து, நகத்தை உள்ளே விடவும் இடமில்லை.

"என்ன மாப்ள, எம் தங்கச்சி என்னத்தப் போட்டா ஒமக்கு?"

"முட்ட" என்றார் இவர்.

பல்லால் கடித்துத்தான் முடிச்சை அவிழ்த்தான். நூலை ஓடையில் விட்டோம். எல்லை தாண்டினால் பிழைக்க மாட்டான் என்றவர்களும், பாம்பை விட்டது யார் என்றவர்களும் அன்று ஒன்றாகக் குலவை போட்டார்கள்.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. போன கொடைக்குத் தீச்சட்டி எடுத்தார். பூசாரி அண்ணன் புதுச் சட்டம் போட்டிருக்கிறான். காப்புக் கட்டினாலும் வேலைக் காட்டுக்குப் போகும்போது செருப்புப் போட வேண்டும். நோயாளிக்குப் பிரசாதம் கொண்டுபோனால் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புக் குறைவு. உப்புத் தேயிலை கொடை அன்றைக்கு மட்டும். ரத்தம் எடுத்துப் பார்க்க வருஷம் ஒருமுறை இறங்குகிறோம். டாக்டர் இன்னும் கையைத் தூக்கிப் பார்க்கிறார். நூல் இல்லை. பழக்கம்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கிடக்கலாம். எது கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கொடுக்காதீர்கள், சாமி பேரைச் சொல்லியும் கொடுக்காதீர்கள். எது வேண்டும் என்று சொன்னாரோ அதைச் சாமியிடம் காட்டிவிட்டு ஊட்டுங்கள். அம்மனைக் கேளுங்கள். பதில் சொல்லுவாள். சிவப்புப் பூ வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்காருங்கள். இன்னொன்று கேளுங்கள்.